காற்றாடிப் பாட்டிகளின் தீவு

"நூறு வயது இருப்பாய்" என்று ஆசீர்வாதம் செய்வது நம் நாட்டில் வெகு சாதாரணம். ஆசீர்வதிக்கும் பெரியவருக்கும் அது பலிக்கும் என்ற நம்பிக்கை கிடையாது. நமஸ்கரித்து எழுந்திருக்கும் பிள்ளைக்கும் கிடையாது. இரு தரப்பாருக்கும் அது ஒரு மரியாதை வார்த்தை, அவ்வளவுதான். ஆனால் இதே ஆசீர்வாதத்தைக் கேட்டு, "ஏன் ஐயா, அதற்கு மேல் இருக்கக் கூடாதா?" என்று திருப்பிக் கேட்கக் கூடிய ஜனங்கள் வாழும் இடம் ஒன்று உண்டு. ஜப்பான் தேசத்தின் தென்கோடியில், சீனக் கடலுக்கும் பசிபிக் மகா சமுத்திரத்துக்கும் நடுவில் கிடக்கும் ஒகினாவாத் தீவுதான் அது.

அங்கே ஒருவருக்குத் தொண்ணூற்றேழு வயது ஆகிவிட்டால் ஊரெல்லாம் கோலாகலம். 'கஜிமாயா' என்று அந்த விழாவுக்குப் பெயர். கஜிமாயா என்றால் குழந்தைகள் கையில் பிடித்துக் கொண்டு ஓடுகிறார்களே, அந்தக் காற்றாடி. பழைய சந்திர மாதக் கணக்கில் ஒன்பதாவது மாதம் ஏழாம் நாளன்று பாட்டிக்குப் புதுப் பட்டாடை உடுத்தி, திறந்த மோட்டார் வண்டியில் உட்கார வைத்து, கையில் ஒரு வர்ணக் காற்றாடியையும் கொடுத்து, ஊர்வலமாக அழைத்துச் செல்வார்கள். வயது முற்ற முற்ற மனிதர் மறுபடியும் குழந்தையாகிறார் என்பது அதன் தாத்பர்யம். வழியெல்லாம் ஜனங்கள் நின்று பாட்டியின் கையைத் தொட்டு, அவருடைய ஆயுளில் தங்களுக்கும் கொஞ்சம் கிடைக்காதா என்று ஆசைப்படுவார்கள். நமது சஷ்டியப்த பூர்த்திக் கல்யாணத்தைப் பற்றி அங்கே போய்ச் சொன்னால், "அறுபது வயதுப் பையனுக்கு எதற்கு இவ்வளவு தடபுடல்?" என்று கேட்டாலும் கேட்பார்கள்.

இந்தத் தீவின் புகழ் உலகமெங்கும் பரவிச் சில பத்து வருஷங்கள் ஆகின்றன. டாக்டர் மகோடோ சுசுகி என்பவர் 1975-ஆம் வருஷத்தில் இங்கே நூறு வயதைத் தாண்டியவர்களைத் தேடித் தேடிச் சென்று பரிசோதிக்கத் தொடங்கினார். பிறகு புத்தகங்கள் வெளிவந்தன. 2005-இல் அமெரிக்காவின் 'நேஷனல் ஜியாக்ரஃபிக்' பத்திரிகை தீர்க்காயுள் பிரதேசங்கள் என்று மூன்று இடங்களை வர்ணித்தபோது, இத்தாலியைச் சேர்ந்த ஸார்டினியா, கலிபோர்னியாவிலுள்ள லோமா லிண்டா இவற்றோடு ஒகினாவாவும் சேர்ந்து கொண்டது. அப்புறம் கேட்பானேன்? ஒகினாவாப் பொடி, ஒகினாவாத் தேநீர், ஒகினாவா மாத்திரை எல்லாம் கடைக்கு வந்துவிட்டன.

ஆனால் இவ்வளவு புகழும் பெற்ற தீவு அந்தப் புகழுக்குரிய சொத்தை இழந்து கொண்டு வருகிறது என்பது பலருக்குத் தெரியாது. தீர்க்காயுள் இங்கே எப்படி வந்தது என்ற கதையைக் காட்டிலும், அது எப்படிப் போகிறது என்ற கதைதான் என் மனத்தை அதிகமாகக் கவர்ந்தது. வந்த வழியைப் பற்றிப் பண்டிதர்களுக்குள் இன்னும் தகராறு தீரவில்லை. போன வழியோ ராஜபாட்டையாகக் கண்ணுக்கு எதிரே கிடக்கிறது. உண்மையாகவே அது ஒரு ராஜபாட்டைதான். அதன் வழியே சற்று நேரத்தில் நாமும் பிரயாணம் செய்யப் போகிறோம்.

முதலில் தீவைப் பற்றி இரண்டு வார்த்தை. தெற்கு வடக்காகச் சுமார் 65 மைல் நீளம். சில இடங்களில் அகலம் மூன்று மைலுக்கும் குறைவு. ஒரு மேட்டில் ஏறி நின்றால் இரண்டு பக்கமும் கடல் தெரியும். 1429 முதல் 1879 வரை இது ரியூக்யூ என்ற தனி ராஜ்யமாக இருந்தது. இதன் கப்பல்கள் சீனாவுக்கும் சயாமுக்கும் மலாக்காவுக்கும் போய் வந்தன. அந்த மலாக்காத் துறையில் அதே காலத்தில் நம் தமிழ் வணிகர்களும் கடை விரித்திருந்தார்கள். ரியூக்யூ மாலுமியும் நம் செட்டியாரும் ஒரே தெருவில் நின்று பேரம் பேசியிருக்கக் கூடும் என்று நினைத்துப் பார்ப்பதில் ஒரு சந்தோஷம் இருக்கத்தான் செய்கிறது.

1609-இல் ஜப்பானின் தென் பகுதியிலிருந்த சத்சுமா பிரபு படையெடுத்து வந்து ராஜாவைத் தன் கைக்குள் போட்டுக் கொண்டார். 1879-இல் ஜப்பான் சர்க்கார் ராஜாவையே நீக்கிவிட்டு நாட்டைத் தன்னோடு சேர்த்துக் கொண்டது. 1945-இல் வந்தது மகா யுத்தம். ஏப்ரல் முதல் தேதி அமெரிக்கப் படை கரையிறங்கியது. ஜூன் மாத முடிவில் யுத்தம் ஓய்ந்தபோது இரு தரப்பிலும் இரண்டு லட்சம் பேருக்கு மேல் மாண்டிருந்தார்கள். தீவின் குடிஜனங்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் போய்விட்டார். தென்கோடியில் மபுனி என்ற குன்றில் 1995-இல் எழுப்பிய கருங்கற் சுவர்களில் இறந்தவர்களின் பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள். நண்பர், பகைவர் என்ற வித்தியாசமில்லாமல் எல்லாத் தேசத்தாரின் பெயர்களும் அதில் உண்டு. மொத்தம் 2,40,000-க்கு மேல். தீர்க்காயுளுக்கு உதாரணமாக உலகம் பிற்காலத்தில் எந்தப் பாட்டிகளைக் கொண்டாடியதோ, அந்தப் பாட்டிகள் இளம் வயதில் இந்தச் சுவரில் பெயர் ஏறாமல் தப்பியவர்கள். இதை மறந்துவிட்டு அவர்களுடைய சாப்பாட்டுப் பட்டியலை மட்டும் எழுதிக் கொண்டு வருவது நியாயமில்லை.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டியதுதான். தலைநகரமான நஹாவில் மகிஷிச் சந்தை என்று பெரிய சந்தை ஒன்று இருக்கிறது. பழைய கட்டடத்தை இடித்துவிட்டு 2023-இல் புதிதாகக் கட்டித் திறந்தார்கள். கீழ்த்தளத்தில் நீலமும் சிவப்புமாக மீன்கள், குவியல் குவியலாகக் கடற்பாசி. இன்னொரு பக்கத்தில் பன்றியின் முகத்தை அப்படியே பதப்படுத்தித் தொங்க விட்டிருப்பார்கள். அது நம்மைப் பார்த்துப் புன்சிரிப்புச் சிரிப்பதுபோல் இருக்கும். சைவ வாசகர்கள் மன்னிக்க வேண்டும். பன்றியின் உடம்பில் அதன் உறுமலைத் தவிர மற்றதெல்லாம் சமையலுக்கு ஆகும் என்பது ஒகினாவாக்காரரின் கொள்கை.

மேல் மாடியில் சாப்பாட்டுக் கடைகள். அங்கே போய் உட்கார்ந்ததும் என் மூக்குக்கு மிகவும் பழக்கமான ஒரு வாசனை வந்தது. பார்த்தால், பாகற்காய்! அவர்கள் 'கோயா' என்கிறார்கள். நம் ஊர்க் காயைவிடப் பருமன். கசப்பிலே சிறிதும் குறைவில்லை. அதை வளையம் வளையமாக நறுக்கி, சோயாப் பயற்றுக் கட்டியான தோஃபுவோடும் முட்டையோடும் பன்றியிறைச்சியோடும் சேர்த்து வதக்கினால் 'கோயா சம்புரு'. சம்புரு என்றால் கலவை. எனக்குப் பன்றியும் முட்டையும் வேண்டாம் என்று துணைக்கு வந்த நண்பர் மூலம் சொன்னேன். கடைக்கார அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பாவம், உடம்புக்கு என்ன?" என்று நண்பரிடம் விசாரித்தாராம். கடைசியில் வெறும் பாகற்காயும் தோஃபுவும் வந்தன. பாகற்காய்க்குப் புளியும் வெல்லமும் போடாமல் சமைக்கலாம் என்பதை நம் வீட்டு ஸ்திரீகள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அந்தத் தீவின் பாட்டிகள் ஒப்புக் கொண்டு தொண்ணூறு வருஷமாகச் சாப்பிடுகிறார்கள்.

பாகற்காய் மட்டுமல்ல. நாம் உடம்பு தேய்த்துக் கொள்ள நார் எடுக்கும் நுரைப்பீர்க்கை அவர்கள் பிஞ்சாகப் பறித்துக் குழம்பு வைக்கிறார்கள். மஞ்சளைக் காய்ச்சித் தேநீர்போல் குடிக்கிறார்கள். ஆனால் இவையெல்லாம் பக்க வாத்தியங்கள். கச்சேரி முழுவதையும் நடத்திய வித்துவான் வேறு. அது சர்க்கரைவள்ளிக் கிழங்கு.

1605-இல் நொகுனி ஸோகன் என்பவர் சீனாவின் ஃபூஜியன் மாகாணத்திலிருந்து இந்தக் கொடியைக் கொண்டு வந்தார். ஒகினாவா புயல்கள் அடிக்கடி வந்து போகும் வழியில் இருப்பது. நெல்லும் கோதுமையும் நிமிர்ந்து நிற்கிற பயிர்கள்; புயலுக்குச் சரி இரை. கிழங்கோ பூமிக்குள்ளே ஒளிந்து கொண்டு, மேலே நடக்கும் அமர்க்களத்தைக் கவனிப்பதே இல்லை. ஆகவே சில தலைமுறைகளுக்குள் தீவு முழுவதும் அதுவே மூன்று வேளை ஆகாரம் ஆயிற்று. நூறு வருஷம் கழித்து அந்தக் கொடி சத்சுமாவுக்குப் போயிற்று. அங்கிருந்து ஜப்பான் எங்கும் பரவியது. இன்றைக்கு ஜப்பானிய பாஷையில் அதற்குப் பெயர் 'சத்சுமா கிழங்கு'! நாட்டைப் பிடித்தவர்கள் கிழங்கின் பெயரையும் சேர்த்துப் பிடித்துக் கொண்டுவிட்டார்கள்.

1949-இல் அமெரிக்க நிர்வாகத்தார் தீவு ஜனங்களின் ஆகாரத்தைக் கணக்கெடுத்தார்கள். ஒருவர் ஒரு நாளில் சாப்பிட்டது சராசரி 1,785 கலோரி. அதில் 69 சதவிகிதம் சர்க்கரைவள்ளிக் கிழங்கிலிருந்து வந்தது; அரிசியிலிருந்து 12 சதவிகிதம். கொழுப்பு வெறும் 6 சதவிகிதம். சந்தையில் சிரித்த அந்தப் பன்றி நாள்தோறும் கிடைத்த பண்டமில்லை. வருஷத்தில் சில விசேஷ தினங்களில் மட்டும் வந்து போன விருந்தாளி. அப்படி வந்தபோதும் மணிக்கணக்காகக் கொதிக்க வைத்து, மேலே மிதக்கும் கொழுப்பை எடுத்து எறிந்துவிட்டே சமைத்தார்கள். உஷ்ணப் பிரதேசமாகையால் வட ஜப்பானைப்போல் குளிர்காலத்துக்கென்று உப்பிலே காய்கறிகளை ஊற வைக்கும் பழக்கமும் அவ்வளவாக இல்லை. ஆதலால் உப்பும் குறைவு.

இங்கே ஒரு விஷயத்தை நான் சொல்லாமல் விட முடியவில்லை. 'வயிற்றில் பத்தில் எட்டுப் பங்கு நிரம்பியதும் எழுந்துவிடு' என்ற பழமொழியை ஒகினாவாவின் மகா ரகசியம் என்று எல்லாப் புத்தகங்களும் கொண்டாடுகின்றன. நல்ல பழமொழிதான். ஆனால் 1949 என்பது யுத்தம் முடிந்து நாலாவது வருஷம். அப்போது பலர் எட்டுப் பங்கோடு எழுந்தது விரதத்தினாலா, பானையில் மிச்சம் இல்லாததினாலா? 1920-க்குப் பின் சர்க்கரை விலை வீழ்ந்த பஞ்ச காலத்தில் இதே ஜனங்கள் ஈந்துப் பனை போன்ற ஒரு மரத்தின் விஷமுள்ள தண்டை இடித்து, அலசி, புளிக்க வைத்துச் சாப்பிட்டார்கள். பக்குவம் தவறியபோது உயிரையும் விட்டார்கள். பிழைப்புத் தேடி ஹவாய்க்கும் பெருவுக்கும் பிரேசிலுக்கும் கப்பல் ஏறினவர்கள் ஆயிரக்கணக்கானவர்கள். தரித்திரத்தைத் தத்துவமாக்கி மெச்சுவது, வயிறு நிறைந்தவர்களுக்கு எப்போதும் சுலபம்.

இனி நாம் அந்த ராஜபாட்டைக்கு வருவோம். நஹாவிலிருந்து வடக்கே போகும் 58-ஆம் நம்பர் சாலை அது. அமெரிக்கர் ஆட்சியில் அதற்கு 'முதல் நம்பர் ராணுவச் சாலை' என்று பெயர். யுத்தத்துக்கு முன் தீவில் சின்ன ரயில் ஒன்று ஓடியது. 1945-இல் அது அழிந்தது. மறுபடி தண்டவாளம் என்று ஒன்றைப் பார்க்க 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவும் நஹாவையும் அடுத்த ஊரையும் விட்டு அப்பால் போவதில்லை. ஆகவே தீவில் எல்லோருக்கும் மோட்டார். பக்கத்துத் தெருவுக்கும் மோட்டார். 1978 ஜூலை 30-ஆம் தேதி வரை எல்லா வண்டிகளும் அமெரிக்காவில்போல் வலது புறமாகவே ஓடின. அன்று ஒரே காலையில் இடது புறத்துக்கு மாற்றினார்கள்.

சாலையில் போகப் போக இடப்பக்கம் கடல் எட்டிப் பார்க்கும். வலப்பக்கம் கம்பி வேலி. மைல் கணக்காக வேலி. அதற்குள்ளே கடேனா விமானத் தளம். 1972 மே 15-ஆம் தேதி தீவை ஜப்பானுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். ராணுவத் தளங்களைக் கொடுக்கவில்லை. ஜப்பானின் நிலப்பரப்பில் ஒகினாவா நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் அந்தத் தேசத்தில் அமெரிக்கப் படைக்கென்றே ஒதுக்கிய நிலத்தில் ஏறக்குறைய 70 சதவிகிதம் இங்கேதான். விளை நிலமாக இருந்தது விமான ஓடுபாதையாயிற்று. கிழங்குத் தோட்டத்தில் நின்ற விவசாயி தளத்தில் கூலி வேலைக்குப் போனார்.

வேலியை ஒட்டி எதிர்ப்புறத்தில் கடைகளைப் பாருங்கள். மாட்டிறைச்சி வறுவல் கடை, வட்ட ரொட்டிக்குள் இறைச்சி வைத்துத் தரும் கடை, ஐஸ்கிரீம் கடை. 'ஏ அண்டு டபிள்யூ' என்ற அமெரிக்கக் கடை 1963-இலேயே இங்கே வந்துவிட்டது. வண்டியிலிருந்து இறங்காமலே சாப்பாடு வாங்கிக் கொள்ளலாம். டோக்கியோவாசிகள் 'மக்டானல்ட்ஸ்' கடையைப் பார்த்தது அதற்கு எட்டு வருஷம் பிந்தி, 1971-இல். யுத்தத்தில் தீவின் பன்றிகள் அநேகமாக அழிந்து போயிருந்தன. ஹவாயில் குடியேறிய ஒகினாவாக்காரர்கள் பணம் திரட்டி 1948-இல் 550 பன்றிகளைக் கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள். அந்தப் பந்தத்தை இன்றும் கண்ணீர் மல்கச் சொல்கிறார்கள். ஆனால் பன்றிகள் பெருகுவதற்குள், ராணுவக் கிடங்கிலிருந்து தகர டப்பாவில் அடைத்த பன்றியிறைச்சி வீட்டுக்கு வீடு புகுந்துவிட்டது. கொழுப்பும் உப்பும் நிறைந்த அந்தப் பண்டம் பாகற்காய் வதக்கலிலும் இடம் பிடித்துக் கொண்டது. விருந்தாளியாக இருந்த பன்றி, டப்பா ரூபத்தில் வீட்டோடு மாப்பிள்ளை ஆகிவிட்டது!

வேலிகள் முடிந்து, நாகோ பட்டணத்தையும் கடந்தால் மலையும் காடும் வந்துவிடும். நஹாவிலிருந்து சுமார் இரண்டு மணி நேரப் பிரயாணத்தில் ஓகிமி கிராமம். சுமார் மூவாயிரம் ஜனங்கள். 1993-இல் இவ்வூர் முதியோர் சங்கத்தார் ஒரு பிரகடனம் செய்து அதைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். எண்பது வயதில் தாங்கள் இன்னும் குழந்தைகளே என்றும், தொண்ணூறில் மேலுலகத்திலிருந்து ஆள் வந்தால் நூறு ஆகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று திருப்பியனுப்பிவிடுவதாகவும் அதில் கண்டிருக்கிறது. யமதர்மராஜனுக்கு நோட்டீஸ் கொடுத்த கிராமம் உலகத்தில் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

வீடுகள் தாழ்வானவை. புயலுக்காகச் சுற்றிலும் பவழக்கல் சுவரும் அடர்ந்த மரவேலியும் உண்டு. உள்ளே மேஜை நாற்காலி அதிகமில்லை. பாய் விரித்த தரை. உட்காருவதும் எழுந்திருப்பதும் தரையிலிருந்துதான். எண்பது வயதுப் பாட்டி ஒரு நாளில் எத்தனை தடவை தரையிலிருந்து எழுந்திருக்கிறாள் என்று எண்ணிப் பார்த்தால், அவளுக்குத் தனியாகத் தேகப் பயிற்சி எதற்கு என்று தோன்றும். வீட்டை ஒட்டினாற்போல் கொல்லைத் தோட்டம். காலையில் எழுந்ததும் பாட்டி போகும் இடம் அதுதான். கீரை, முள்ளங்கி, பாகற்கொடி, எலுமிச்சை ஜாதியைச் சேர்ந்த ஷிக்குவாசா மரம் எல்லாம் அதில் உண்டு. பறித்ததில் தனக்குப் போக மிச்சத்தைப் பக்கத்து வீட்டில் கொடுப்பாள். பக்கத்து வீட்டிலிருந்து வேறொன்று வரும். வாங்கி வைத்தால்தான் காய்கறி என்ற நினைப்பே அந்தத் தலைமுறைக்குக் கிடையாது.

'மோஆய்' என்று ஓர் ஏற்பாடும் உண்டு. புத்தகக்காரர்கள் இதைப் பற்றி ஏதோ சித்தாந்தம்போல் எழுதுவார்கள். நமக்குப் புரிய வைக்க ஒரே வார்த்தை போதும்: சீட்டு. சிநேகிதர்கள் பத்துப் பேர் மாதந்தோறும் கூடி ஆளுக்கு இவ்வளவு என்று போட்டு, முறை வைத்து ஒருவர் எடுத்துக் கொள்வார். பணம் என்னவோ சொற்பம்தான். கூடிப் பேசுவதுதான் பெரிது. சில பாட்டிகள் வாலிபத்தில் சேர்ந்த சீட்டை வாழ்நாள் முழுவதும் விடுவதில்லை. ஒரு மாதம் ஒருத்தி வராவிட்டால், மற்றவர்கள் அவள் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். வயதானவர்களுக்கு வரும் வியாதிகளில் தனிமை கொடியது என்று டாக்டர்கள் இப்போது சொல்கிறார்கள். அந்த வியாதிக்குச் சீட்டுப் பிடித்து மருந்து தேடிக் கொண்டவர்கள் இவர்கள்.

ஓகிமியைச் சேர்ந்த கிஜோகா என்ற பகுதியில் வாழை நாரிலிருந்து துணி நெய்கிறார்கள். நாம் பூத்தொடுக்கும் நாரைக் கொண்டுதான்! பழ வாழை அல்ல. நாருக்கென்றே வளர்க்கும் ஜாதி. மரம் முற்ற மூன்று வருஷம் ஆகும். பட்டைகளை உரித்துச் சாம்பல் நீரில் வேக வைத்து, மூங்கில் கத்தியால் சதையை வழித்து, நாரை இழை இழையாகக் கிழித்து, ஒன்றின் நுனியோடு ஒன்றை முடிந்து நூலாக்க வேண்டும். ஒருவர் அணியும் உடுப்புக்கு ஏறக்குறைய 200 மரம். இழை முடியும் வேலைதான் எல்லாவற்றிலும் அதிக நாள் பிடிப்பது. அதைச் செய்தவர்கள் பெரும்பாலும் வயதான பாட்டிகள்.

இந்தக் கலையைக் காப்பாற்றியவர் தைரா தோஷிகோ அம்மையார். 1921-இல் பிறந்தவர். யுத்தத்தின்போது ஜப்பானின் குராஷிகி நகரத்துத் தொழிற்சாலையில் வேலை செய்துவிட்டு 1946-இல் ஊர் திரும்பினார். வந்து பார்த்தால், கொசு வளர்கிறதென்று அமெரிக்கப் படையினர் வாழைத் தோட்டங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். அம்மையார் மீண்டும் கன்று நட்டார். யுத்தத்தில் கணவரை இழந்த ஸ்திரீகளைச் சேர்த்துக் கொண்டு தறி போட்டார். 2000-ஆம் வருஷத்தில் ஜப்பான் சர்க்கார் அவருக்கு 'வாழும் தேசியப் பொக்கிஷம்' என்ற கௌரவத்தை அளித்தது. 2022 செப்டம்பரில், நூற்றொன்றாவது வயதில், அவர் காலமானார். தொண்ணூறைக் கடந்த பிறகும் அவர் கையில் நார் இருந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெறும் வயது எது என்று அவரைக் கேட்டிருந்தால், கேள்வியே அவருக்கு விளங்கியிருக்காது.

இதுவரை சொன்னது தாத்தா பாட்டிகளின் கதை. பேரப் பிள்ளைகளின் கதை வேறு.

ஜப்பானில் 47 மாகாணங்கள். ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை ஒவ்வொன்றின் சராசரி ஆயுளையும் கணக்கிட்டு வரிசைப்படுத்துகிறார்கள். 1980-இலும் 1985-இலும் ஒகினாவாப் புருஷர்களே முதலிடம். 1990-இல் ஐந்தாமிடம். அப்படியிருந்தும், 1995-இல் யுத்தத்தின் ஐம்பதாம் ஆண்டு நினைவாக மாகாண சர்க்கார் 'உலகத் தீர்க்காயுள் பிரதேசம் இதுவே' என்று பறை சாற்றியது. 2000-க்கான கணக்கு வெளிவந்தபோது புருஷர்கள் இருபத்தாறாமிடத்தில் கிடந்தார்கள். பத்திரிகைகள் அதற்கு '26 அதிர்ச்சி' என்று பெயரிட்டன. 2015-இல் முப்பத்தாறு, 2020-இல் நாற்பத்து மூன்று. ஸ்திரீகள் 2005 வரை முதலிடத்தை விடாமல் பிடித்திருந்தார்கள். 2010-இல் மூன்று, 2015-இல் ஏழு, 2020-இல் பதினாறு.

ஆயுள் குறைந்துவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. எல்லா மாகாணத்திலும் ஆயுள் ஏறிற்று. இங்கே மட்டும் மெதுவாக ஏறிற்று. ஏனென்றால் நடு வயதுப் புருஷர்கள் மற்ற இடங்களைவிட இங்கே அதிகமாக இறக்கிறார்கள். மதுவினால் வரும் கல்லீரல் வியாதி அதிகம். ஜப்பானிலேயே உடற்பருமன் மிகுந்த மாகாணங்களுள் இது ஒன்று. நஹாவில் இரவு குடித்து முடித்துவிட்டு வீட்டுக்குப் போகுமுன் ஒரு மாட்டிறைச்சி வறுவலைச் சாப்பிட்டு ராத்திரியை நிறைவு செய்வது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. அதே ரத்தம், அதே காற்று, அதே கடல். மாறியது தட்டும் காலும்: தட்டில் கிழங்கு போய் டப்பா வந்தது, கால் நடப்பதை விட்டு மோட்டாரை மிதிக்கிறது. ஒரே வீட்டில் தொண்ணூற்றைந்து வயதுத் தாயார் ஐம்பத்தைந்து வயது மகனைச் சுடுகாட்டுக்கு அனுப்ப நேர்கிறதென்றால், அந்தத் தீர்க்காயுளை வரம் என்பதா, சாபம் என்பதா?

சந்தேகக்காரர்கள் ஓர் ஆட்சேபம் சொல்வதுண்டு. நூறு வயது என்பதே பொய்க் கணக்கு என்பார்கள். அதில் விஷயம் இல்லாமலில்லை. 2010-இல் ஜப்பான் முழுவதும் குடும்பப் பதிவேடுகளைச் சோதித்ததில், நூறு வயதைக் கடந்ததாகப் பதிவாகி, இருப்பிடமே தெரியாதவர்கள் 2,30,000 பேருக்கு மேல் இருந்தார்கள். யுத்தத்தில் ஒகினாவாவின் பதிவேடுகளில் பெரும் பகுதி எரிந்து போய், பிற்பாடு ஞாபகத்தைக் கொண்டு எழுதியவை. பிறப்பு இறப்புப் பதிவு சீர்கெட்ட இடங்களில்தான் நூறு வயதுக்காரர்கள் மலிந்திருக்கிறார்கள் என்று காட்டிய ஸால் நியூமன் என்ற ஆராய்ச்சியாளருக்கு 2024-இல் 'இக் நோபல்' என்னும் வேடிக்கைப் பரிசும் கிடைத்தது. சுசுகியின் கோஷ்டியார் தங்கள் பாட்டிகளின் வயதைச் சரிபார்த்திருப்பதாகச் சொல்கிறார்கள். இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல நமக்கு அதிகாரமில்லை. ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும்: நூறு வயதுப் பாட்டியின் வயதில் பத்து வருஷம் கூடக் குறைய இருக்கலாம். நாற்பத்தெட்டு வயதில் இறந்தவருடைய வயதைப் பற்றி ஒருவருக்கும் சந்தேகம் கிடையாது. தீவை முதலிடத்திலிருந்து தள்ளியது அந்த நாற்பத்தெட்டு வயதுச் சாவுகள்தாம்.

இழந்ததை மனிதர் சம்பாதிக்கவும் முடியும் என்பதற்கு ஜப்பானிலேயே சாட்சி இருக்கிறது. நகானோ என்ற குளிர்ந்த மலை மாகாணத்தில் ஒரு காலத்தில் உப்புக் காய்கறியும் உப்புக் குழம்புமே ஆகாரம். மூளையில் ரத்தக் குழாய் வெடித்து இறந்தவர்கள் ஏராளம். அங்கே கிராமத்து ஸ்திரீகள் தொண்டர்களாகச் சேர்ந்து வீடு வீடாகப் போய் உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். 1990-இல் ஒகினாவாப் புருஷர்களைத் தள்ளிவிட்டு முதலிடத்துக்கு வந்தவர்கள் நகானோக்காரர்களே. 2010 வரை அந்த இடத்தை விடவில்லை. அவர்களுக்கு அதிசயக் கிழங்கும் இல்லை, பவழக் கடலும் இல்லை.

ஒகினாவா மாகாண சர்க்காரும் சும்மா இருக்கவில்லை. 2040-க்குள் புருஷர்களும் ஸ்திரீகளும் மறுபடி முதலிடத்தை அடைய வேண்டும் என்று ஒரு குறி வைத்துப் பிரசாரம் செய்து வருகிறார்கள். 2040-இல் அறுபது வயதை எட்டப் போகிறவர்கள் 1980-இல் பிறந்தவர்கள். அவர்களுடைய தாத்தாமார் ஜப்பானிலேயே முதலிடத்தில் இருந்த வருஷம் அது. அப்போது தீவில் அந்த ரொட்டிக் கடை திறந்து பதினேழு வருஷங்கள் ஆகியிருந்தன.